படுத்தால் ரத்தம் வருகிறது, உட்கார்ந்தால் நிற்கிறது: கீமோ போர்ட் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கீமோ வார்டில் "நரம்பு கிடைக்கல" என்ற பேச்சு காதில் விழாத நாளே இருக்காது. மக்கள் நரம்பு என்று சொல்வது சிரையை. முதல் சுற்றில் முன்கையில் பளிச்சென்று தெரிந்த சிரை, இரண்டு மூன்று சுற்றுக்குள் கயிறுபோலத் தடித்து, தொட்டாலே வலிக்கும் கோடாகிவிடும். அதற்குப் பிறகுதான், பெரிய சிரைக்குள் பதித்து மருந்து ஏற்றும் குழாய்களான போர்ட், பிக் லைன், ஹிக்மன் என்ற பெயர்கள் நோயாளியின் காதுக்கு வருகின்றன. எதைப் பதிப்பது என்பதைப் பற்றி நிறையவே பேசப்படுகிறது. பதித்த குழாயின் நுனி, நோயாளி எழுந்து நடமாடும்போது எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றி அவ்வளவு பேசப்படுவதில்லை. இந்த நிகழ்வில் தேர்வு சரியாகவே இருந்தது, தடுமாறியது நுனியில்.

இதில் வரும் நோயாளி ஒரு தனி நபர் அல்லர். கீமோ போர்ட் பராமரிப்பில் வழக்கமாக எதிர்ப்படும் சூழ்நிலைகளை ஒன்றுசேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. மருந்தளவுகளும் செய்முறைகளும் நடைமுறையில் உள்ளவை.

நோயாளி

52 வயதுப் பெண். வலது மார்பகத்தில் 3.4 செ.மீ. கட்டி, வலது அக்குளில் ஒரு நிணநீர்க் கணு, ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகை). உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ, உடல் பரப்பளவு 1.9 சதுர மீட்டர். நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார். எக்கோவில் இதயத்தின் இயக்கம் இயல்பாக இருந்தது.

சிகிச்சைத் திட்டம்: டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 60 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 600 மி.கி., 21 நாளுக்கு ஒருமுறை 4 சுற்று. அதன்பின் பாக்லிடாக்சல் 80 மி.கி. வாரம் ஒருமுறை, 12 வாரம். பாக்லிடாக்சலுடன் டிராஸ்டுசுமாப் தொடங்கி ஓராண்டு. நடுவில் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும். கூட்டிப் பார்த்தால் சுமார் 15 மாதம். மருந்து ஏற்றும் நாட்களே 30-ஐ ஒட்டி வரும். ரத்தப் பரிசோதனைக்குக் குத்துவது தனி.

முதல் சுற்றை இடது முன்கைச் சிரையில் கொடுத்தார்கள். மூன்றாவது குத்தில்தான் சிரை பிடிபட்டது. கசிவு ஏதும் இல்லை. ஆனால் பத்து நாளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிரை சிவந்து தடித்துவிட்டது. வலது அக்குளில் அறுவை நடக்கவிருப்பதால் வலது கையை யாரும் தொட விரும்பவில்லை. மிச்சம் இருப்பது ஒரே கை. அந்தக் கையிலும் சிரைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்தன.

டாக்ஸோரூபிசினை இப்படிப்பட்ட சிரையில் தொடர்வது ஏன் ஆபத்து என்பதைச் சற்று விளக்க வேண்டும். இவருக்கு ஒரு வேளைக்கான அளவு 114 மி.கி.; மி.லி.க்கு 2 மி.கி. என்ற கரைசலில் 57 மி.லி. சிவப்பு மருந்து. அது சிரைக்கு வெளியே கசிந்தால் முதலில் கொஞ்சம் எரிச்சலும் வீக்கமும்தான் தெரியும். திசுவின் டிஎன்ஏவோடு மருந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல் சாகும்போது வெளிப்பட்டுப் பக்கத்துச் செல்லுக்குப் போகிறது. அதனால் புண் வாரக்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போகும். மாற்று மருந்தான டெக்ஸ்ராசோக்ஸேனை 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 3 நாள் தர வேண்டும். அது எல்லா இடத்திலும் உடனே கைக்கு எட்டுவதில்லை.

எதைப் பதிப்பது

முன்னால் இருந்தவை நான்கு: மார்பில் பதிக்கும் போர்ட் (சிலிகோன் தடுப்பால் மூடிய சிறிய அறையும் அதோடு பூட்டிய குழாயும்; மருந்து ஏற்றத் தோல் வழியாகத் தடுப்பில் ஊசி குத்துவார்கள்), மேல்கையில் பதிக்கும் போர்ட், மேல்கைச் சிரை வழியாகச் செலுத்தி நுனியை இதயத்தருகே நிறுத்தும் பிக் லைன், மார்புத் தோலுக்கடியில் சுரங்கம்போல் ஓடி வெளியே தொங்கும் ஹிக்மன். ஹிக்மன் வகைக் குழாய் 1970களில் எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்காக வந்தது. முழுக்கத் தோலுக்கடியில் இருக்கும் போர்ட் 1980களின் தொடக்கத்தில் புற்றுநோய் சிகிச்சைக்குள் நுழைந்தது.

ஹிக்மனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ரத்தப் புற்றுநோய்க்கும் மஜ்ஜை மாற்றுக்கும், ஒரே நேரத்தில் ரத்தம், தட்டணு, ஆன்டிபயாடிக், ஊட்டச்சத்து எல்லாம் ஓட வேண்டிய நோயாளிக்கும் இரண்டு மூன்று வழிகள் கொண்ட ஹிக்மன்தான் தோது. இவருக்கு ஒரு வழி போதும்.

பிக் லைனுக்கு நியாயமான இடம் உண்டு. படுக்கையருகிலேயே, அல்ட்ராசவுண்ட் துணையோடு, அறுவை அரங்கு இல்லாமல் வைத்துவிடலாம். தேவை முடிந்தால் ஒரு நிமிடத்தில் உருவிவிடலாம். சில மாதங்களில் முடியும் சிகிச்சைக்கும், தட்டணு மிகக் குறைந்து போர்ட்டுக்கான வெட்டைத் தாங்காதவருக்கும் அது நல்ல வழி. விலையாகக் கொடுப்பது வேறு: வாரந்தோறும் ட்ரெசிங் மாற்ற வேண்டும், வாரந்தோறும் சலைன் என்ற உப்புநீரைச் செலுத்தி ஃப்ளஷ் செய்ய வேண்டும், குளிக்கும்போதெல்லாம் கையைச் சுற்றிக் கட்ட வேண்டும். 15 மாதத்துக்கு அது 60-க்கும் மேற்பட்ட ட்ரெசிங். ஒவ்வொன்றும் கிருமி நுழையக்கூடிய ஒரு வாசல்.

ரத்த உறைவும் உண்டு. கைச் சிரை ஒல்லியானது. அதன் உள்ளிடத்தைக் குழாய் எவ்வளவு அடைக்கிறதோ அவ்வளவு ரத்த ஓட்டம் தேங்கும். அதனால் குழாயின் விட்டம் சிரையின் விட்டத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. இவருடைய இடது பேசிலிக் சிரையை டூர்னிக்கே (சிரை புடைக்கக் கையில் இறுக்கும் பட்டை) கட்டாமல் அல்ட்ராசவுண்டில் அளந்தபோது 3.1 மி.மீ. குழாய்களை ஃபிரெஞ்ச் கணக்கில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். 4 ஃபிரெஞ்ச் குழாய் 1.33 மி.மீ., அதாவது 43 விழுக்காடு, எல்லைக்குள் வந்துவிடும். கை போர்ட்டுக்கென்று அவர்களிடம் இருந்தது 5 ஃபிரெஞ்ச் குழாய், 1.67 மி.மீ.; அது 54 விழுக்காடு. கை போர்ட் அங்கேயே அடிபட்டுப்போனது. டூர்னிக்கேயோடு அளந்திருந்தால் சிரை புடைத்து 4 மி.மீ.க்கு மேல் காட்டியிருக்கும், குழாயும் 'பொருந்தியிருக்கும்'. எப்படி அளந்தோம் என்பதையும் குறிப்பில் எழுதுவது இதனால்தான்.

ஆய்வுகளும் மார்பு போர்ட்டின் பக்கமே சாய்கின்றன. பிரிட்டனில் 18 மையங்களில் 1,061 நோயாளிகளை வைத்து நடந்து 2021-இல் வெளியான காவா ஆய்வில், போர்ட்டையும் பிக் லைனையும் ஒப்பிட்ட பிரிவில் சிக்கல் கண்டவர்கள் போர்ட்டில் 32 விழுக்காடு, பிக் லைனில் 47 விழுக்காடு. போர்ட்டையும் ஹிக்மனையும் ஒப்பிட்ட பிரிவில் 29-க்கு 43. பிக் லைனும் ஹிக்மனும் ஏறக்குறைய சமம்: 52-க்கு 49. ஸ்வீடனில் 399 நோயாளிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில் குழாயால் வந்த ஆழ்சிரை உறைவு பிக் லைனில் 8 விழுக்காடு, போர்ட்டில் 1. ஆனால் போர்ட்டிலும் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருக்கிறது. "பதித்துவிட்டால் கவலை இல்லை" என்று நோயாளியிடம் சொல்வது சரியல்ல.

ஆக மார்பு போர்ட். அறை டைட்டானியமா பிளாஸ்டிக்கா, குழாய் சிலிகோனா பாலியூரித்தேனா என்பதெல்லாம் விளம்பரத் தாளில் பெரிதாக இருக்கும். சிகிச்சையின் போக்கை அது மாற்றுவது அரிது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது: சிடி ஸ்கேனில் விசையோடு சாயம் செலுத்தத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். நொடிக்கு 5 மி.லி. வரை, 300 பிஎஸ்ஐ அழுத்தம் வரை தாங்கும் என்று உற்பத்தியாளர் குறித்திருப்பார். அந்த வகை போர்ட்டின் உலோகத்தில் சிடி என்ற ஆங்கில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். எக்ஸ்ரேயில் அது தெரியும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தால் போர்ட் உள்ளே குப்புறக் கவிழ்ந்திருக்கிறது என்று பொருள்.

பக்கம் எது? வலது உள்கழுத்துச் சிரைதான் முதல் தேர்வு. அங்கிருந்து, மேலுடலின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் மேற்பெருஞ்சிரைக்கு நேர்கோடு. இடதிலிருந்து போகும் குழாய் நெஞ்சின் குறுக்கே சாய்ந்து ஓடி, மேற்பெருஞ்சிரைக்குள் கீழ்நோக்கி வளைய வேண்டும். குழாய் சற்றுக் குட்டையாக இருந்தால் வளைவை முடிக்காமல், நுனி எதிரிலுள்ள வலப்பக்கச் சுவரில் போய் முட்டி நிற்கும். இவருக்கு வலது மார்பில் அறுவையும் கதிர்வீச்சும் வரவிருப்பதால் இடதைத் தேர்ந்தார்கள். தேர்வு சரியே. ஆனால் இடது என்று முடிவானதுமே குழாயின் நீளத்தில் இருமடங்கு கவனம் வந்திருக்க வேண்டும்.

காறை எலும்புக்கடியில் இருக்கும் சிரை வழியாகப் போகும் பழைய முறையை இவர்கள் எடுக்கவில்லை. அங்கே காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே குழாய் நாள்தோறும் நசுங்கி, மாதங்கள் கழித்து அறுந்து, துண்டு நுரையீரல் தமனிக்குப் போய்விடக்கூடும். தோளைப் பின்னால் இழுத்தால் அல்லது கையை உயர்த்தினால் மட்டும் மருந்து ஓடுவது அதன் முன்னெச்சரிக்கை.

முதல் பதிப்பு

முதல் சுற்று முடிந்து 15-ஆம் நாள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 1,900, தட்டணு 2.1 லட்சம், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் 1.0. குளோர்ஹெக்சிடின் 2 விழுக்காடு கலந்த ஆல்கஹாலால் கழுத்திலிருந்து மார்பு வரை துடைத்து, முழுதாக உலரவிட்டு, 1 விழுக்காடு லிடோகெய்னால் மரத்துப்போகச் செய்தார்கள். அல்ட்ராசவுண்டில் ஊசி நுனியைப் பார்த்தபடியே இடது உள்கழுத்துச் சிரையைக் குத்தி, கம்பியைக் கீழ்ப்பெருஞ்சிரை வரை இறக்கினார்கள். இடதுபக்கப் பதிப்பில் இது முக்கியம். வழியை அகலப்படுத்தும் விறைப்பான டைலேட்டர் அந்த வளைவில் சிரைச் சுவரைக் கிழிக்கக்கூடும். கம்பி கீழ்வரை போயிருப்பதை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும்.

மார்பில் 3 செ.மீ. வெட்டு, தோலுக்கடியில் பை. கழுத்துக் குத்துக்கும் பைக்கும் நடுவே சுரங்கம். குழாயை 26 செ.மீ.க்கு வெட்டி போர்ட்டோடு பூட்டினார்கள். போர்ட்டுக்கென்றே உள்ள ஹூபர் ஊசியால் குத்தி இழுத்ததும் ரத்தம் தாராளமாக வந்தது. படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் நுனி, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கரினாவுக்கு 3.5 செ.மீ. கீழே. மேற்பெருஞ்சிரையும் வலது மேலறையும் சேரும் இடம் பெரியவர்களில் கரினாவுக்குச் சுமார் 4 செ.மீ. கீழே இருக்கும், எனவே எல்லாரும் திருப்தி. இரண்டாம் சுற்றைக் கட்டிலில் படுக்கவைத்தே கொடுத்தார்கள். ரத்தம் வந்தது, மருந்து போனது.

மூன்றாம் சுற்று

இந்த முறை சாய்வு நாற்காலி. செவிலியர் 20 கேஜ், 20 மி.மீ. ஹூபர் ஊசியைக் குத்தி, 10 மி.லி. சிரிஞ்சில் இழுத்தார். வரவில்லை. சலைன் தள்ளினார், தடையே இல்லாமல் போனது.

"மருந்து போகுது டாக்டர், ரத்தம்தான் வரமாட்டேங்குது."

கீமோ அறையில் இதைவிட ஆபத்தான வாக்கியம் குறைவு. போகிறது என்பதற்காக, போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று ஆகாது. குழாயின் நுனியைச் சுற்றி, ரத்த உறைவின் நார்ப்புரதமான ஃபைப்ரினின் உறை வளர்ந்திருந்தால், இழுக்கும்போது உறை வாயை மூடிக்கொள்ளும். தள்ளும்போது விலகி வழிவிடும். உறை குழாயின் நீளத்துக்கும் சட்டைபோல ஏறியிருந்தால், தள்ளிய மருந்து உறைக்கும் குழாய்க்கும் நடுவே பின்னோக்கி ஓடி, சிரைக் குத்து வழியாகக் கழுத்துத் திசுவிலோ போர்ட் பையிலோ கொட்டலாம். அந்த மருந்து டாக்ஸோரூபிசினாக இருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

செவிலியர் முதலில் ஊசியைச் சந்தேகித்தது சரியான வரிசை. தோலடிக் கொழுப்பு அதிகமானவரிடம் 20 மி.மீ. ஊசி போர்ட்டின் அடித்தளத்தைத் தொடாமல் சிலிகோன் தடுப்பிலேயே நின்றுவிடும். 25 மி.மீ. ஊசியால் மறுபடி குத்தி, உலோகத்தில் 'டக்' என்று தட்டுவதை விரலில் உணர்ந்த பின்னும் ரத்தம் இல்லை. 10 மி.லி. சலைனைத் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திச் செலுத்தினார். இருமச் சொன்னார், கையை உயர்த்தச் சொன்னார், தலையை மறுபக்கம் திருப்பச் சொன்னார். சிறிய சிரிஞ்சை எடுத்து அழுத்திப் பார்க்கவில்லை, 2 மி.லி. சிரிஞ்சில் உண்டாகும் அழுத்தம் குழாயையே பிளக்கக்கூடும்.

கடைசியில் நாற்காலியை முழுக்கச் சாய்த்துப் படுக்கவைத்ததும் 2 மி.லி. ரத்தம் வந்தது. நிமிர்த்தியதும் நின்றது. மறுபடி சாய்த்தார், மறுபடி வந்தது.

இந்த ஒரு கண்டுபிடிப்பில் பாதி விடை இருந்தது. வெறும் ஃபைப்ரின் உறையென்றால் படுத்தாலும் நிமிர்ந்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது. உடல் நிலையைப் பொறுத்து மாறினால் நுனியே இடம் மாறுகிறது. ஆனால் அன்று அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. உறைவைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் 2 மி.கி.யை 2 மி.லி.யில் கரைத்துச் செலுத்தி 30 நிமிடம், பிறகு 120 நிமிடம் பார்த்தார்கள். இரண்டாம் முறையும் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் போயிற்று. ஆல்டிப்ளேஸ் தவறான மருந்து அல்ல. தனியான உறைவடைப்புக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் நிலைக்கேற்ப மாறும் அடைப்பில், முதலில் நின்ற நிலையில் ஓர் எக்ஸ்ரே எடுப்பதே முறை. ஐந்து நிமிட வேலை.

இன்னொரு தூண்டுதலும் அங்கே இருந்தது: படுக்கவைத்தால்தான் வருகிறதே, படுக்கவைத்தே கொடுத்துவிடலாமே. அதை மறுத்தது அன்றைய மிகச் சரியான முடிவு. வந்து நிற்கும் 2 மி.லி.யை 'ரத்தம் திரும்புகிறது' என்று பதிவேட்டில் எழுதக்கூடாது. தங்குதடையின்றி 3 மி.லி.க்கு மேல் வர வேண்டும்; மருந்து தள்ளும் நேரம் முழுதும் இடையிடையே இழுத்துப் பார்க்கும்போதும் வர வேண்டும். நோயாளி நடுவில் எழுந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? டாக்ஸோரூபிசின் அன்று கொடுக்கப்படவில்லை.

நுனி ஏன் மேலே ஏறியது

நின்ற நிலை எக்ஸ்ரேயில் நுனி கரினாவின் மட்டத்திலேயே இருந்தது. படுத்தபோது இருந்த இடத்திலிருந்து 3 செ.மீ.க்கும் மேலே. மேற்பெருஞ்சிரையின் வலப்பக்கச் சுவரில் குத்திட்டு நின்றது. போர்ட் வழியாக மெதுவாகச் சாயம் செலுத்தியபோது பீச்சல் சுவரில் மோதிச் சிதறியது. குழாயை ஒட்டி மெல்லிய கோடாகச் சிறிது பின்னோக்கியும் ஏறியது. அதாவது இரண்டும் சேர்ந்தே இருந்தன: குட்டையான குழாய் சுவரை உரசியது, உரசிய இடத்தில் ஃபைப்ரின் படர்ந்தது.

பெரிய மார்பகமும் உடல்பருமனும் உள்ளவர் அறுவை மேசையில் படுக்கும்போது மார்பகமும் மேல்மார்புத் தோலும் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் நகர்ந்துவிடும். அந்த நிலையில் காறை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே என்று குறித்த இடம், எழுந்து நின்றால் நான்கு விரற்கடைக்கும் கீழே போயிருக்கும். போர்ட் மார்பகத்தோடு சேர்ந்து இறங்கும். குழாயின் ஒரு முனை போர்ட்டில் பூட்டியிருக்கிறது. நடுவில் கழுத்து வளைவு கப்பிபோல வேலை செய்கிறது. போர்ட் கீழே இழுத்தால், சிரைக்குள் இருக்கும் நுனி மேலே ஏறும். கிணற்று ராட்டினத்தில் ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் மறுபக்கம் வாளி ஏறுவதைப் போலத்தான்.

இங்கே போர்ட்டை மார்புத் தசையின் மேலுறையில் தைக்காமல் கொழுப்பில் ஒரே தையலில் நிறுத்தியிருந்தார்கள். நழுவுவதற்கு அது போதும். இடதுபக்கம், குட்டைக் குழாய், கொழுப்பில் பை, படுத்த நிலையில் மட்டும் சரிபார்ப்பு: தனித்தனியே ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடியது, நான்கும் ஒருவரிடமே கூடிவிட்டன.

மறுபதிப்பு

நான்கு நாள் கழித்து மறுபதிப்பு நடந்தது. பழைய குழாய்க்குள் கம்பியை விட்டுப் புதிய குழாயை அதே வழியில் இறக்குவது சுலபம். ஆனால் அப்படி இறக்கினால் புதுக் குழாய் பழைய ஃபைப்ரின் சட்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடலாம். எனவே அதே சிரையில் சற்றுத் தள்ளிப் புதிதாகக் குத்தினார்கள்.

அறுவைக்கு முன், நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே பேனாவால் பைக்கான இடத்தைக் குறித்தார்கள்: இரண்டாம் விலா எலும்பின் மட்டத்தில், மார்பெலும்பை நோக்கிச் சற்று உள்ளே, எலும்பின் ஆதரவு விரலுக்குத் தெரியும் இடம். அங்கே மார்பகக் கொழுப்பு மெலிது. தோலுக்கும் போர்ட்டுக்கும் இடையே 1 செ.மீ. அளவு சதை. 2 செ.மீ.க்கு மேல் ஆழமானால் விரலுக்குத் தட்டுப்படாது, அரை செ.மீ.க்கும் குறைந்தால் நாளடைவில் தோல் தேய்ந்து போர்ட் எட்டிப்பார்க்கும். பிரா பட்டையும் கார் சீட் பெல்ட்டும் படும் இடத்தைத் தவிர்த்தார்கள். நோயாளியிடம் கேட்டால் ஒரு நொடியில் காட்டுவார். கேட்காமல் விட்டால் 15 மாதம் உரசும்.

நீளம் அளக்கும்போது உதவியாளர் மார்பகத்தைக் கைகளால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டார். நின்றால் எப்படி இருக்குமோ அந்த நிலை. குழாயைச் சலைனால் நிரப்பி அதையே ஈசிஜி மின்முனையாக்கிப் பார்த்தார்கள். நுனி இதயத்தை நெருங்க நெருங்க, ஈசிஜியில் மேலறைகளின் துடிப்பைக் காட்டும் பி அலை உயரும். மேற்பெருஞ்சிரையும் மேலறையும் சேரும் இடத்தில் உச்சம் தொடும். மேலறைக்குள் நுழைந்ததும் அலையின் தொடக்கம் கீழ்நோக்கித் திரும்பும். மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதால் பி அலை தெளிவாக இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளியிடம் இந்த வழியை இப்படியே நம்ப முடியாது. இவருக்குப் படுத்த நிலையில் நுனி மேலறையின் மேல்பகுதியில் சற்றே உள்ளே இருக்கும்படி 28 செ.மீ.க்கு வெட்டினார்கள். போர்ட்டைத் தசையுறையில் கரையாத நூலால் இரண்டு இடத்தில் தைத்தார்கள்.

பிறகு நின்ற நிலை எக்ஸ்ரே: கரினாவுக்கு 4.5 செ.மீ. கீழே. உட்காரவைத்து இழுத்தபோதும் படுக்கவைத்து இழுத்தபோதும் கையை உயர்த்தி இழுத்தபோதும் ரத்தம் ஒரே மாதிரி வந்தது. மறுநாள் மருந்து கொடுக்கவிருந்ததால் ஹூபர் ஊசியை அரங்கிலேயே குத்தி ட்ரெசிங்கோடு அனுப்பினார்கள். புது வெட்டின் வீக்கத்தில் அடுத்த நாள் போர்ட்டைத் தடவிக் கண்டுபிடிப்பது நோயாளிக்கும் செவிலியருக்கும் வேதனை.

பிறகான மாதங்கள்

பராமரிப்பில் பெரிய ரகசியம் இல்லை. ஒவ்வொரு முறையும் அதையே செய்ய வேண்டும் என்பதுதான் கடினம். குளோர்ஹெக்சிடினால் 30 நொடி தேய்த்து, தானாக உலரும்வரை காத்திருக்க வேண்டும், ஊதி உலர்த்தக்கூடாது. ஹூபர் ஊசி மட்டுமே. சாதாரண ஊசி சிலிகோன் தடுப்பிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்துவிடும். ஹூபரின் வளைந்த முனை பிளந்து நுழைவதால் ஊசியை எடுத்ததும் தடுப்பு மூடிக்கொள்ளும். ஆயிரம் குத்துக்கு மேல் தாங்குவது அதனால்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் தடுப்பின் பரப்பில் இடம் மாற்றிக் குத்த வேண்டும். மருந்து முடிந்ததும் 10 மி.லி. சலைன், ரத்தம் எடுத்திருந்தால் 20. கடைசி அரை மி.லி.யைத் தள்ளிக்கொண்டே ஊசியை உருவினால் நுனிக்குள் ரத்தம் பின்வாங்காது. அடுத்த முறை வரை குழாயை நிரப்பி வைக்க (லாக் செய்ய) மி.லி.க்கு 100 யூனிட் ஹெப்பரின் 3 முதல் 5 மி.லி. போடும் இடங்களும் உண்டு, சலைன் மட்டும் போடும் இடங்களும் உண்டு. எங்கள் பார்வையில் எந்தத் திரவம் என்பதைவிட எப்படித் தள்ளப்பட்டது என்பதே அடைப்பைத் தீர்மானிக்கிறது.

பாக்லிடாக்சலின் ஏழாம் வாரம், ஃப்ளஷ் செய்து 40 நிமிடத்தில் நடுக்கத்தோடு 38.9 டிகிரி காய்ச்சல். ஃப்ளஷுக்குப் பிறகு வரும் நடுக்கம் குழாயில் கிருமி குடியேறியிருக்கிறது என்ற சந்தேகத்தைத் தர வேண்டும். போர்ட்டிலிருந்தும் கைச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்க) எடுத்தார்கள். போர்ட் ரத்தம் 120 நிமிடமோ அதற்கு மேலோ முந்தி பாசிட்டிவ் ஆனால் மூலம் போர்ட்தான். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸோ, சூடோமோனாஸோ, கேண்டிடாவோ என்றால் போர்ட்டை எடுத்துவிட வேண்டும். பை சீழ் பிடித்திருந்தால் எந்தக் கிருமியானாலும் எடுத்துவிட வேண்டும். இவருக்கு 5 நாளாகியும் இரண்டிலும் எதுவும் வளரவில்லை. சிறுநீரில் தொற்று இருந்தது. சந்தேகத்தின் பேரில் அவசரப்பட்டு போர்ட்டை உருவியிருந்தால் நல்ல போர்ட் ஒன்று வீணாகியிருக்கும்.

இடது கை வீங்குகிறதா, கழுத்துச் சிரை புடைக்கிறதா என்பதை ஒவ்வொரு வருகையிலும் பார்த்தார்கள். உறைவு வந்திருந்தாலும், போர்ட் வேலை செய்து இன்னும் தேவையும் இருந்தால் எடுக்காமலேயே ரத்தம் உறையாமைக்கான மருந்தைக் குறைந்தது 3 மாதம் கொடுக்கலாம். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

டிராஸ்டுசுமாபின் கடைசி வேளைக்குப் பின் ஐந்து வாரம் கழித்து, பழைய தழும்பின் மேலேயே லிடோகெய்ன் போட்டு போர்ட்டை எடுத்தார்கள். குழாயைச் சுற்றிய உறையை இழைத் தையலால் மூடி, கழுத்தில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். வெளியே வந்த குழாயை அளவுகோல் பக்கத்தில் நீட்டிவைத்து அளந்தார் செவிலியர்: 28 செ.மீ., நுனி முழுசாக. பதித்த அன்று குறித்த எண்ணும் அதுவே. இரண்டையும் ஒரே வரியில் எழுதி, எந்தத் துண்டும் உள்ளே தங்கவில்லை என்று கையெழுத்திட்டார்.